கிணற்றடியில் இலக்கணம்: யோவான் நான்காம் அதிகாரத்தை வாசித்தல்

1

வேத வசனத்தை ஆழமாக வாசிப்பது எப்படி என்று கேட்டால் நமக்குப் பழக்கமான பதில்கள் இரண்டு. பக்தியுள்ளவர்கள் ஜெபத்தோடு வாசி என்பார்கள். இடதுசாரி நண்பர்கள் வர்க்கப் பின்னணியோடு வாசி என்பார்கள். இரண்டு தரப்புமே வசனத்தைச் சீக்கிரமாகத் தாண்டிப்போய்விடுகின்றன என்பது என் எண்ணம். ஒருவர் வசனத்திலிருந்து வானத்துக்குப் போகிறார், மற்றவர் வசனத்திலிருந்து வரலாற்றுக்குப் போகிறார். வசனம் அப்படியே கிடக்கிறது. யார் எழுவாய், யார் செயப்படுபொருள், எந்தச் சொல்லில் மரியாதை விகுதி ஒட்டிக்கொண்டிருக்கிறது, 'நாம்' என்றால் அதில் யாரெல்லாம் சேர்த்தி என்று உட்கார்ந்து கேட்கிற வாசிப்பு நம்மிடம் குறைவு. இலக்கணம் என்றாலே பள்ளிக்கூடத்துப் பிரம்பு ஞாபகம் வருவதால் இருக்கலாம்.

எனக்கு இந்த வாசிப்பைச் சொல்லிக்கொடுத்தது எந்தக் கோட்பாட்டாளரும் அல்ல. 1996 கோடையில், தெற்கத்தி கிராமம் ஒன்றில், சேரிப் பெண்களோடு ராத்திரி வாசிப்புக் கூட்டம் நடத்திக்கொண்டிருந்தேன். கோயிலைச் சுற்றியுள்ள தெருக்காரன் நான். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் ஒரே கோயிலுக்குத்தான் போவோம். செத்தால் கல்லறைத் தோட்டம் இரண்டு. அன்றைக்கு யோவான் சுவிசேஷத்தின் நான்காம் அதிகாரம்: இயேசு சமாரியாவின் சீகார் ஊருக்கு வெளியே, யாக்கோபின் கிணற்றடியில் களைத்து உட்கார்ந்திருக்கிறார், தண்ணீர் எடுக்க வந்த பெண்ணிடம் தண்ணீர் கேட்கிறார். நான் சத்தமாக வாசித்து முடித்ததும் ஒரு பெரியம்மா கேட்டார்: "ஐயா, ஒண்ணு கேக்கேன். தண்ணி கேக்குறவுக அவுகதான. அப்பறம் ஏன் அவுக அவளெ நீங்காக, அவ அவுகளெ நீருங்கா?"

என்னிடம் பதில் இல்லை. "சாமியில்லையா, அதனால" என்று ஏதோ சொல்லி மழுப்பினேன். "அவரு சாமின்னு அவளுக்கு அப்பத் தெரியாதே" என்றார் பெரியம்மா. இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்குத் தாமதமாக எழுதுகிற பதில்.

2

தமிழில் அச்சு வேதமும் அச்சு இலக்கணமும் ஏறக்குறைய இரட்டைப் பிள்ளைகள். சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடிக்கு வந்தார். அவருடைய புதிய ஏற்பாடு 1714-15இல் அங்கே அச்சானது. அவர் லத்தீனில் எழுதிய தமிழ் இலக்கணம் 1716இல் ஜெர்மனியில் ஹாலே நகரில் வெளிவந்தது. பின்னால் வந்த பப்ரீசியுஸ், இரேனியுஸ் இருவரும் வேதத்தை மொழிபெயர்த்தார்கள், தமிழ் இலக்கணமும் எழுதினார்கள். யாழ்ப்பாணத்தில் பீட்டர் பெர்சிவலின் மொழிபெயர்ப்புக்குத் துணை நின்றவர் சைவரான ஆறுமுக நாவலர். இன்றும் பெரும்பாலான சீர்திருத்த சபைக் கோயில்களில் வாசிக்கப்படுகிற, 1871இல் வெளிவந்த திருத்திய மொழிபெயர்ப்பை ஹென்றி பவர் தலைமையிலான குழு செய்தது. 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்டுவெல்லும் அந்தக் குழுவில் இருந்தார்.

இந்தப் பட்டியல் ஒரு காரணத்துக்காக. கிரேக்கத்தில் இல்லாத தேர்வுகளைத் தமிழ் மொழிபெயர்ப்பாளர்மேல் திணிக்கிறது. கிரேக்கத்தில் முன்னிலை ஒருமைக்குச் 'சு' என்று ஒரே சொல்தான். ராஜாவுக்கும் அதுதான், அடிமைக்கும் அதுதான், கடவுளுக்கும் அதுதான். தமிழில் நீ, நீர், நீங்கள் என்று மூன்று படி. கிரேக்கத்தில் தன்மைப் பன்மை ஒன்று. தமிழில் கேட்பவரைச் சேர்த்துக்கொள்கிற 'நாம்' ஒன்று, விலக்கி நிறுத்துகிற 'நாங்கள்' ஒன்று. ஆக ஒவ்வொரு வசனத்திலும் மூலம் சொல்லாமல் விட்டதைத் தமிழ் சொல்லியே ஆக வேண்டும். சொல்லும்போது சொல்கிறவருடைய சமூகம் உள்ளே வந்துவிடுகிறது. அது வந்து நுழைகிற கதவுதான் இலக்கணம்.

1820களின் இறுதியில் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் புதிய மிஷனரிமாரை எதிர்த்து எழுதிய முறையீடுகளில் வேதத்தின் பழைய தமிழை மாற்றியதும் ஒரு குற்றச்சாட்டு, சபைக்குள் சாதிகளை ஒன்றாக்க முயன்றதும் ஒரு குற்றச்சாட்டு. மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டுக்கும் சம்பந்தமில்லை. ஆனால் அவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். வாக்கியத்தில் யார் எங்கே உட்கார்வது என்பதும் கோயிலில் யார் எங்கே உட்கார்வது என்பதும் அவ்வளவு தூரத்து விஷயங்கள் அல்ல.

3

இனி கிணற்றடிக்குப் போவோம். இயேசு பேசுகிற முதல் வார்த்தை கிரேக்கத்தில் ஏவல்: 'தொஸ்'. 1871 மொழிபெயர்ப்பில் 'தா'.

தொல்காப்பிய எச்சவியலில் இதற்கு ஒரு விதி உண்டு. ஈ, தா, கொடு என்று இரத்தல் சொற்கள் மூன்று. தாழ்ந்தவன் உயர்ந்தவனிடம் கேட்டால் 'ஈ', சமமானவனிடம் கேட்டால் 'தா', உயர்ந்தவன் தாழ்ந்தவனிடம் கேட்டால் 'கொடு'. இந்த விதிப்படி வாசித்தால் சமாரியப் பெண்ணிடம் ஒரு யூத ஆண் கேட்ட 'தா' ஒப்பானவர்களுக்குள் நிகழ்கிற கேட்பு. மொழிபெயர்ப்புக் குழு தொல்காப்பியத்தைப் பார்த்துத்தான் 'தா' என்று போட்டது என்று நான் வாதாடவில்லை. பிரதிக்குள் ஒரு சொல் வந்து விழுந்துவிட்டால் அதன் பழைய வரலாறும் கூடவே வரும். போட்டவருடைய நோக்கத்தோடு அது முடிந்துவிடுவதில்லை.

ஆனால் பெரியம்மாவின் காதில் அந்தத் 'தா' சமமாக விழவில்லை. ஏன்? இன்றைய வழக்கில் 'தா' என்பது 'நீ'க்குரிய ஏவல். சிறுசுகளிடம் சொல்வது, வேலைக்காரர்களிடம் சொல்வது. கொஞ்சம் தள்ளி, அந்தப் பெண் ஜீவத்தண்ணீரைத் தன்பங்குக்குக் கேட்கிறபோது (15ஆம் வசனம்) தமிழில் 'தரவேண்டும்' என்று கேட்கிறாள். கிரேக்கத்தைத் திறந்து பார்த்தால் அங்கேயும் அதே 'தொஸ்'தான்! அவர் கேட்ட அதே வினை, அதே ஏவல், அதே வடிவம். அவர் 'எனக்குத் தா' என்கிறார், அவளும் 'எனக்குத் தா' என்கிறாள். மூலத்தில் ஒரு தராசின் இரண்டு தட்டுகளாக நிற்கிற இரண்டு சொற்களைத் தமிழ் ஒரு படிக்கட்டின் இரண்டு படிகளாக்கிவிட்டது.

கிரேக்கத்தில் மரியாதையே இல்லை என்றும் அர்த்தமில்லை. 11ஆம் வசனத்திலிருந்து அவள் அவரைக் 'குரியே' என்று விளிக்கிறாள். அதற்கு 'ஐயா' என்றும் பொருள், 'ஆண்டவரே' என்றும் பொருள். 1871 'ஆண்டவரே' என்கிறது, 1995இல் கத்தோலிக்கரும் மற்ற சபையாரும் சேர்ந்து கொண்டுவந்த பொது மொழிபெயர்ப்பு 'ஐயா' என்கிறது. கவனிக்க வேண்டியது, 9ஆம் வசனத்தில் அந்த விளி இல்லை. முதலில் 'யூதன்', பிறகு 'ஐயா', பிறகு 'தீர்க்கதரிசி', கடைசியில் 'கிறிஸ்துவோ' என்ற கேள்வி. மரியாதை பேச்சினூடாகக் கொஞ்சம் கொஞ்சமாக வளர்கிறது. தமிழிலோ முதல் வாக்கியத்திலேயே 'நீர்' வந்துவிடுகிறது. ஆனாலும் பக்கத்திலேயே 'யூதன்' என்ற ஒருமை. நீரும் யூதனும் ஒரே வாக்கியத்தில் உரசுகிறபோது அந்தப் பெண்ணின் உண்மையான குரல் ஒரு நொடி வெளியே எட்டிப்பார்க்கிறது.

கதை சொல்பவரின் விகுதிகளையும் பார்க்க வேண்டும். 1871இல் இயேசு 'என்றார்'. பெண் 'என்றாள்'. பேதுரு 'என்றான்'. பிலாத்துவும் 'என்றான்'. பிலாத்துவின் விசாரணையில் இன்னொரு விசேஷம்: விசாரிக்கிறவன் கைதியை 'நீ' என்கிறான், கைதி அதிகாரியை 'நீர்' என்கிறார். காவல் நிலையத்து வாசலில் நின்றிருக்கிற எவருக்கும் இந்த இலக்கணத்துக்கு உரை தேவையில்லை. அங்கே 'சு' என்ற ஒரே சொல்லைத் தமிழ் இரண்டாகப் பிளந்தது அதிகாரத்தை அப்பட்டமாகக் காட்டிவிட்டது. கிணற்றடியிலோ அதே பிளவு அதிகாரத்தைப் பக்தியாக்கி மறைத்துவிட்டது.

1995 மொழிபெயர்ப்பு இதைத் திருத்த முயன்றது. அதில் அந்தப் பெண் 'கேட்டார்'. இயேசுவும் அவளை 'நீர்' என்கிறார். பெரியம்மாவின் கேள்விக்கு அது நேர்மையான பதில்தான். ஆனால் 'தா' போய்க் 'கொடும்' வந்துவிட்டது. தொல்காப்பியக் கணக்கில் 'கொடு' உயர்ந்தவனுடைய கேட்பு. ஒரு பக்கம் சமத்துவத்தைச் சேர்க்கப் போனால் மறுபக்கம் எங்கோ ஒரு பழைய சமத்துவம் உதிர்கிறது. மேலும், ஒருவரைப் பன்மையால் சொல்வது உயர்த்திச் சொல்கிற வழக்கு, இலக்கண நெறி அல்ல என்பதுதான் தொல்காப்பியத்தின் நிலைப்பாடு. மரியாதை மொழியின் இயற்கை அல்ல, வழக்கு. வழக்கு என்றால் மனிதர்கள் செய்தது. மனிதர்கள் செய்ததை மாற்றலாம்.

4

9ஆம் வசனத்தின் கடைசிச் சிறுவாக்கியம் யூதருக்கும் சமாரியருக்கும் இடையிலிருந்த விலக்கைச் சொல்கிறது. சமாரியர் கெரிசீம் மலையில் வழிபட்டவர்கள். அங்கிருந்த அவர்கள் ஆலயத்தை எருசலேமிலிருந்து ஆண்ட யோவான் இர்கானு கி.மு. இரண்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அழித்தான். பகை பழையது. கிரேக்கத்தில் அந்த விலக்கைச் சொல்கிற வினை 'சுன்க்ரோந்தாய்'. 'சுன்' என்றால் கூட, சேர்ந்து. மீதிப் பகுதி 'பயன்படுத்து' என்னும் வினை. பழைய சட்டங்களை ஆராய்ந்த டேவிட் டௌபே 1950இல் ஒரு வாதத்தை வைத்தார்: இந்த வினையை உறுப்பு உறுப்பாகப் பிரித்தால் 'சேர்ந்து புழங்குதல்' என்று வருகிறது, ஆகவே யூதர் சமாரியரோடு பாத்திரங்களைச் சேர்ந்து புழங்குவதில்லை என்பதே இதன் பொருள். எல்லா அறிஞர்களும் இதை ஏற்கவில்லை. ஆனால் பிரதிக்குள்ளேயே ஆதாரம் இருக்கிறது. 8ஆம் வசனத்தில் சீடர்கள் அதே சமாரிய ஊருக்குள் சாப்பாடு வாங்கப் போயிருக்கிறார்கள். எந்தக் கொடுக்கல் வாங்கலும் கிடையாது என்றால் இது எப்படி? காசு கொடுத்து வாங்கலாம், பாத்திரம்தான் கூடாது. 11ஆம் வசனத்தில் அவள் சொல்கிறாள், உம்மிடம் மொள்ளுவதற்கு ஒன்றுமில்லை என்று. அப்படியானால் அவர் குடிக்கப்போவது அவளுடைய பாத்திரத்திலிருந்து.

டீக்கடையில் இரட்டைக் குவளை பார்த்தவர்களுக்கு இந்த இலக்கணக் குறிப்பு உடனே விளங்கும். காசு செல்லும், குவளை செல்லாது. அவளுடைய கேள்வியும் அப்போது வேறாகிறது. 'என்னிடம் எப்படிப் பேசலாம்' என்று அவள் கேட்கவில்லை. 'என்னிடமிருந்து எப்படிக் குடிப்பாய்' என்று கேட்கிறாள்.

1871 மொழிபெயர்ப்பு இந்த வினைக்குச் 'சம்பந்தம்' என்ற சொல்லை எடுத்தது. சம்பந்தம் என்றால் பொதுவாகத் தொடர்புதான். ஆனால் சம்பந்தி என்ற சொல்லை வைத்திருக்கிற மொழியில் அது உடனே கொள்வினை கொடுப்பினையை ஞாபகப்படுத்தும். கிணற்றடி விவகாரம் கல்யாண விவகாரமாக இடம் மாறிவிட்டது. மாறியது அர்த்தமற்றதல்ல, தண்ணீரையும் பெண்ணையும் ஒரே காவலில் வைப்பதுதானே சாதி. ஆனால் குவளை காணாமல் போய்விட்டது.

இன்னொன்று வாக்கிய அமைப்பு. கிரேக்கத்தில் அவள் முதலில் கேட்கிறாள், விளக்கம் பிறகு 'ஏனென்றால்' என்று வால்போல வருகிறது. (சினாய்ட்டிகஸ் சுவடியின் முதல் எழுத்திலும் பெசா சுவடியிலும் அந்த வாலே கிடையாது.) தமிழ்த் தொடரில் காரணம் முன்னால் வருவதுதான் இயல்பு. அதனால் 1871இல் விலக்கு முதலில் வருகிறது, 'ஆனபடியால்' அவள் கேட்கிறாள். மூலத்தில் அவள் கேள்வி விலக்கை அம்பலப்படுத்துகிறது. தமிழில் விலக்கு அவள் கேள்விக்குக் காரணமாகி, அவள் வாய் திறக்குமுன்பே நியாயமாகிவிடுகிறது.

5

பிரசங்கிமார் இவளைப் பற்றிச் சொல்வது நமக்குத் தெரியும்: ஐந்து புருஷன், நடத்தை கெட்டவள். 18ஆம் வசனத்தின் வினை 'உனக்கு இருந்தார்கள்' என்பதற்கு மேல் எதுவும் சொல்வதில்லை. செத்தார்களா, தள்ளிவிட்டார்களா என்று அந்த வினை பேசாது. அந்த உலகத்தில் தள்ளிவிடுகிற உரிமை பெரும்பாலும் ஆணின் கையில் இருந்தது. கிணற்றடிப் பேச்சு முழுவதிலும் பாவம் என்ற சொல் ஒருமுறைகூட வரவில்லை. மன்னிப்பும் வரவில்லை. எழுவாய் இல்லாத இடத்தில் பிரசங்கம் அவளை எழுவாயாக்கிக் குற்றவாளியாக்கியிருக்கிறது.

அவளுடைய அறிவு இடைச்சொற்களில் இருக்கிறது. 12ஆம் வசனத்திலும் 29ஆம் வசனத்திலும் அவள் கேட்கிற கேள்விகள் கிரேக்கத்தில் 'மே', 'மேத்தி' என்று தொடங்குகின்றன. 'இல்லை' என்ற பதிலை எதிர்பார்த்தோ தயங்கியோ கேட்கிற வினாக்கள் இவை. 1871 மொழிபெயர்ப்பாளர்கள் இங்கே அழகாகச் செய்தார்கள்: இரண்டு இடத்திலும் 'ஆ' போடாமல் 'ஓ' போட்டார்கள். பெரியவரோ, கிறிஸ்துதானோ. தொல்காப்பியம் ஓகாரத்துக்குச் சொல்கிற ஆறு பொருள்களில் வினாவும் உண்டு, எதிர்மறையும் உண்டு. அந்த ஒற்றை எழுத்தில் அவளுடைய எகத்தாளம், சந்தேகம், ஊர்க்காரர்களின் வாயை அடைக்காமல் அவர்களையே வந்து பார்க்கச் சொல்கிற சாமர்த்தியம் எல்லாம் இருக்கின்றன. கீழே இருப்பவர்கள் மேலே இருப்பவர்களிடம் பேச ஓகாரத்தைப்போல உதவுகிற எழுத்து வேறில்லை.

6

கடைசியாக, 'நாம்'. 12ஆம் வசனத்தில் அவள் இரண்டுமுறை தன்மைப் பன்மையைச் சொல்கிறாள். யாக்கோபு 'ஹேமோன்' தகப்பன். அவர் கிணற்றை 'ஹேமின்' கொடுத்தார். ஒரே பன்மைச் சொல்லின் இரண்டு வேற்றுமைகள். கிரேக்கத்தில் இதற்குள் இயேசு இருக்கிறாரா இல்லையா என்று தெரியாது. யாக்கோபு யூதருக்கும் மூதாதை, சமாரியருக்கும் மூதாதை. எனவே இரண்டுக்கும் இடமுண்டு. 1871 மொழிபெயர்ப்பு எடுத்த முடிவைப் பாருங்கள்: கிணற்றைத் தந்தது 'எங்களுக்கு', தகப்பன் 'நம்முடைய'. ஒரே வாக்கியத்துக்குள் ஒரு விலக்கல், ஒரு சேர்த்தல். வம்சம் உனக்கும் எனக்கும் பொது. ஆனால் கிணறு எங்களுடையது. 'எம் தகப்பன்' என்று போட்டிருந்தால் வெறும் சண்டையாகியிருக்கும். 'நமக்குத் தந்தார்' என்று போட்டிருந்தால் வெறும் சமாதானமாகியிருக்கும். 20ஆம் வசனத்தில் மலையில் வழிபட்டவர்களைச் சொல்லும்போது அவள் மறுபடி 'எங்கள்' பக்கம் போய்விடுகிறாள். மூலத்தில் இல்லாத ஒரு துல்லியத்தைத் தமிழ் இலக்கணம் இங்கே கண்டெடுத்துக் கொடுத்திருக்கிறது. மொழிபெயர்ப்பு என்றால் இழப்பு மட்டும்தான் என்பவர்கள் இந்த வசனத்தைப் பார்க்க வேண்டும்.

இந்த வசனத்தின் பொருளை நான் தெரிந்துகொண்டது அதே கோடையில். கோயில் வளாகத்தில் ஒரு கிணறு. சேரிப் பெண்கள் தங்கள் வாளியை இறக்கக் கூடாது. தெருக்காரர் யாராவது மொண்டு ஊற்றினால் குடத்தில் வாங்கிக்கொள்ளலாம். பெண்கள் சபைக்கு மனுக் கொடுப்பது என்று முடிவாயிற்று. எழுதுகிற வேலை எனக்கு. 'நம் சபையின் கிணற்றில் நாம் அனைவரும்' என்று தொடங்கினேன். நல்ல வாக்கியம் என்று எனக்கு நினைப்பு. வாசித்துக் காட்டினேன்.

பெரியம்மா தடுத்தார். "நம்மன்னு எழுதாதீய ஐயா. எங்களுக்குத் தண்ணி வேணும்னு எழுதுங்க. கெணறு எங்களுக்கும் சொந்தம்னு எழுதுங்க. நம்மங்கறத அவுக சொல்லட்டும். நாங்க எத்தனை நாளைக்கு நாங்களே சொல்லிக்கிட்டு கெடக்க?"

நாம் எல்லோரும் கிறிஸ்தவர்கள், நாம் எல்லோரும் தமிழர்கள், நாம் எல்லோரும் தோழர்கள். இந்த நாமில் இருக்கிற வன்முறை அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. நாம் என்பது முன்னிலையையும் உளப்படுத்துகிற தன்மைப் பன்மை என்று இலக்கணம் சொல்லும். யாரை யார் உளப்படுத்துவது, அவரைக் கேட்டுத்தானா என்று அது சொல்லாது. மேலே இருப்பவன் 'நாம்' என்றால் கீழே இருப்பவரின் குறை காணாமல் போகிறது. கீழே இருப்பவர் 'எங்கள்' என்றால், பிரிவினை என்கிறார்கள். உண்மையில் 'எங்கள்' என்று சொல்ல முடிந்தவர்தான் பிறகு தன் விருப்பப்படி 'நம்முடைய' என்றும் சொல்ல முடியும். சமாரியப் பெண் சொன்னது அந்த வரிசையில்தான். முதலில் கிணறு எங்களுக்கு, அப்புறம்தான் நம்முடைய தகப்பன்.

மனுவைத் திருத்தி எழுதினோம். பதில் வரவில்லை. பதினைந்து நாள் பொறுத்துவிட்டு, ஒரு விடியற்காலையில் பெண்கள் தாங்களே வாளியை இறக்கினார்கள். கொஞ்ச நாள் ஏச்சு, கொஞ்ச நாள் பூட்டு, பிறகு பழகிவிட்டது. கல்லறை பழகவில்லை.

இலக்கணம் கிணற்றைத் திறக்கும் என்று நான் சொல்லவரவில்லை. வாளியை இறக்கியது கைகள். எந்தச் சொல்லைப் பூட்டாகப் போட்டிருக்கிறார்கள் என்று காட்டத்தான் இலக்கணத்தால் முடியும். வசனத்தை ஆழமாக வாசிப்பது என்று நான் சொல்வது இவ்வளவுதான்.

ஒரு பாக்கி இருக்கிறது. இந்தக் கட்டுரையின் முதல் வாக்கியத்தில் 'நமக்கு' என்று எழுதியிருக்கிறேன். இப்போது திரும்ப வாசிக்கும்போது கண்ணில் குத்துகிறது. அடிக்காமல் விட்டுவைக்கிறேன். அதற்குள் யார் யார் இருக்கிறீர்கள் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.